மருந்தால் வரும் பாதிப்பிலிருந்து மூலிகை உறுப்புகளைக் காக்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காசநோய்க்கு மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிடுகிறவர், புற்றுநோய்க்கு ஊசி மருந்து ஏற்றிக்கொள்கிறவர், மூட்டுவலிக்குத் தொடர்ந்து மருந்து எடுக்கிறவர் இருக்கும் வீடுகளில் ஒரு கவலை ஓயாமல் இருக்கும். இத்தனை மருந்தும் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் என்ன செய்யும், அவற்றைக் காப்பாற்ற ஏதாவது பச்சிலை கொடுக்கலாமா என்பதே அது. விளம்பரங்கள் எல்லாவற்றுக்கும் ஆம் என்கின்றன. புறநோயாளிப் பிரிவின் நெரிசலில் மருத்துவர் ஒரே சொல்லில் வேண்டாம் என்றுவிடுகிறார். குடும்பத்தார் நடுவில் நிற்கிறார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு, ஆய்வுகள் இதுவரை காட்டியிருப்பதை வைத்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

நோயைத் தீர்க்கும் மருந்து உறுப்பை ஏன் கெடுக்கிறது?

பல நேரங்களில் கெடுப்பது மருந்து அல்ல, உடல் அந்த மருந்தை மாற்றும்போது பிறக்கும் இடைப்பொருள். காய்ச்சலுக்கு எல்லோரும் போட்டுக்கொள்ளும் பாராசிட்டமாலைப் பார்த்தால் இது தெளிவாகும். அதன் பெரும்பகுதியைக் கல்லீரல் தீங்கில்லாத பொருளாக்கிச் சிறுநீர் வழியே அனுப்பிவிடுகிறது. மிகச் சிறிய பகுதியை மட்டும் சிப் 2இ1 என்ற நொதி நாப்கி எனப்படும் கடுமையான பொருளாக மாற்றுகிறது. கல்லீரல் செல்களில் எப்போதும் இருப்பில் இருக்கும் குளூட்டாதயோன் அந்த நாப்கியைப் பிடித்துக் கட்டிப்போட்டு விடுவதால், சாதாரண அளவில் மாத்திரை சாப்பிடும் கோடிக்கணக்கானவர்களுக்கு எதுவும் ஆவதில்லை.

ஒரே நேரத்தில் அளவுக்கு மீறி விழுங்கினால் கணக்கு மாறிவிடுகிறது. குளூட்டாதயோன் இருப்பு கரைந்துபோக, மிஞ்சிய நாப்கி செல்லின் புரதங்களில், குறிப்பாக ஆற்றல் உற்பத்தி செய்யும் மைட்டோகாண்ட்ரியாவின் புரதங்களில், போய் ஒட்டிக்கொள்கிறது. அங்கிருந்து ஃப்ரீ ராடிக்கல் எனப்படும் நிலையற்ற ஆக்சிஜன் பொருள்கள் பெருகி, செல் சிதைகிறது. முதல் நாள் குமட்டலும் வாந்தியும் தவிர வேறொன்றும் தெரியாது என்பதுதான் இதில் கொடுமை. கல்லீரல் செயலிழப்பு மூன்றாம், நான்காம் நாளில்தான் முழுமையாகத் தலைகாட்டும்.

எல்லா மருந்துகளும் இதே வழியில் கெடுப்பதில்லை. புற்றுநோய் மருந்தான சிஸ்பிளாட்டின் சிறுநீரக நுண்குழாய்ச் செல்களுக்குள் உறிஞ்சப்பட்டு அங்கே குவிகிறது. கிருமிகளைக் கொல்லும் ஜென்டாமைசினும் அதே செல்களில்தான் தேங்குகிறது, ஆனால் நுழையும் வாசல் வேறு. இந்த வேறுபாடு பின்னால் வரும் பதில்களுக்கு முக்கியம்.

ஆன்டிஆக்சிடன்ட் என்பது இதில் எங்கே வருகிறது?

ஃப்ரீ ராடிக்கல்களை அடக்கும் பொருளையோ, அவற்றை அடக்கும் உடலின் சொந்த ஏற்பாட்டை வலுப்படுத்தும் பொருளையோ ஆன்டிஆக்சிடன்ட், அதாவது ஆக்சிஜனேற்றத் தடுப்பான் என்கிறோம். இந்தக் கருத்து வெறும் விளம்பரச் சொல் அல்ல. அதற்கு மருத்துவத்தில் ஒரு மகத்தான வெற்றி இருக்கிறது. பாராசிட்டமால் நஞ்சுக்கு உலகெங்கும் கொடுக்கப்படும் என்-அசிட்டைல்சிஸ்டீன் அந்த வெற்றி. 1970-களில் எடின்பரோவில் லாரி பிரெஸ்காட் குழுவினர் இதை நரம்பு வழியே கொடுத்துப் பலன் கண்டனர். தீர்ந்துபோகும் குளூட்டாதயோனை மறுபடி உருவாக்கத் தேவையான கச்சாப்பொருளை இது கல்லீரலுக்குத் தருகிறது. மாத்திரைகளை விழுங்கிய 8 மணி நேரத்துக்குள் தொடங்கினால் கல்லீரல் ஏறக்குறைய முழுமையாகக் காப்பாற்றப்படுகிறது. தாமதமாகத் தாமதமாகப் பலன் குறைகிறது.

வாய் வழியே கொடுக்கும் இந்த மருந்தைத் திறந்தவுடன் அழுகிய முட்டை வாடை அடிக்கும். அதிலுள்ள கந்தகத்தின் வாடை அது. குளூட்டாதயோன் நாப்கியைக் கட்டிப்போடப் பயன்படுத்துவதும் அதே கந்தகத்தைத்தான். நஞ்சு எது, அது எங்கே உருவாகிறது, உடலில் எந்தப் பொருள் தீர்ந்துபோகிறது, எத்தனை மணி நேரத்துக்குள் அதை நிரப்ப வேண்டும் என்பதெல்லாம் தெரிந்த பிறகு செய்த வைத்தியம் என்பதால்தான் இது பலிக்கிறது. ஒரு மூலிகையைப் பற்றிப் பேசும்போதும் இதே கேள்விகளை நாம் கேட்க வேண்டும்.

அப்படியானால் ஆன்டிஆக்சிடன்ட் நிறைந்த எந்தச் செடியும் உறுப்பைக் காக்கும் அல்லவா?

இல்லை. ஒரு செடிச் சாற்றில் ஆன்டிஆக்சிடன்ட் வலிமை இருக்கிறது என்று பெரும்பாலும் எப்படிச் சொல்கிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். ஆய்வகத்தில் டி.பி.பி.எச். என்ற கருஊதா நிறக் கரைசலில் சில துளி சாற்றை விடுவார்கள். ஊதா வெளுத்து மஞ்சளானால் சாறு ஃப்ரீ ராடிக்கலை அடக்கிவிட்டது என்று பொருள். தேயிலையும் மாதுளைத் தோலும் நெல்லிக்காயும் அந்தக் கரைசலைச் சில நிமிடங்களில் வெளுக்கச் செய்துவிடும். கண்ணாடிக் குழாயில் நடக்கும் இந்த நிறமாற்றத்துக்கும், அந்தச் சாறு குடலைத் தாண்டி, கல்லீரலின் முதல் வடிகட்டலைத் தாண்டி, பாதிக்கப்படும் செல்லுக்குள் போதிய அளவில் போய்ச் சேர்வதற்கும் இடையே நெடுந்தூரம் இருக்கிறது.

போய்ச் சேர்ந்தாலும் நன்மைதான் என்று சொல்ல முடியாது. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்து 1994-இல் வெளியான பெரிய ஆய்வில், பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. மாறாக 18 விழுக்காடு கூடியது. கேரட்டிலும் முருங்கைக்கீரையிலும் இருக்கும் அதே பொருள்தான் அது.

இதயத்துக்கு வருவோம். நோயாளிகள் 'சிவப்பு ஊசி' என்று சொல்லும் புற்றுநோய் மருந்து டாக்ஸோரூபிசின், மொத்த அளவு கூடக்கூட இதயத் தசையைப் பலவீனப்படுத்துகிறது. இதற்குக் காரணம் ஃப்ரீ ராடிக்கல்களே என்று நெடுங்காலம் நம்பி, வைட்டமின் ஈ, என்-அசிட்டைல்சிஸ்டீன் இரண்டையும் நோயாளிகளிடம் சோதித்தார்கள். விலங்குகளில் கிடைத்த பாதுகாப்பு மனிதர்களிடம் கிடைக்கவில்லை. பலன் தந்தது டெக்ஸ்ராசாக்சேன் என்ற மருந்து. அதுவும் இரும்பைப் பிடித்து ஃப்ரீ ராடிக்கலைக் குறைப்பதால்தான் வேலை செய்கிறது என்று முதலில் எண்ணினார்கள். டாக்ஸோரூபிசின் இதயத்தில் தாக்கும் இலக்கு டோப்போஐசோமரேஸ் 2 பீட்டா என்ற நொதி என்பதும், டெக்ஸ்ராசாக்சேன் அந்த நொதியைக் குறைத்துவிடுகிறது என்பதும் பின்னரே தெரிந்தன. எல்லாச் சேதத்துக்கும் ஆக்சிஜனேற்றமே காரணம் என்று எடுத்துக்கொண்டால் இப்படித்தான் பல ஆண்டுகள் வீணாகும்.

எலிகளில் நிரூபிக்கப்பட்டது என்கிறார்களே, அது போதாதா?

இந்தத் துறையில் நம் நாட்டுக் கல்லூரிகளிலிருந்து வரும் ஆய்வுகளில் பெரும்பாலானவை ஒரே அச்சில் அமைந்தவை. எலிகளுக்கு ஒரு வாரமோ இரண்டு வாரமோ செடிச் சாற்றைக் குழாய் வழியே இரைப்பைக்குள் செலுத்துவார்கள். பிறகு பாராசிட்டமாலையோ, மருந்தே அல்லாத கார்பன் டெட்ராகுளோரைடு என்ற கரைப்பானையோ பெரிய அளவில் கொடுப்பார்கள். மறுநாள் இரத்தத்தில், கல்லீரல் செல் சிதையும்போது கசியும் நொதிகளான எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. ஆகியவற்றின் அளவுகளையும் கல்லீரல் துண்டில் குளூட்டாதயோனையும் அளப்பார்கள். சாறு கொடுக்காத எலியின் கல்லீரல் வெளிறித் திட்டுத்திட்டாக இருக்கும். சாறு கொடுத்த எலியின் கல்லீரல் செம்பழுப்பாக, மழமழப்பாக இருக்கும். இதை நேரில் பார்க்கும் மாணவருக்கு நம்பிக்கை பிறப்பது இயல்பு.

ஆனால் இங்கே சாறு முதலில் போகிறது, நஞ்சு பிறகு வருகிறது. மருத்துவமனைக்கு வருகிறவரோ நஞ்சு உள்ளே போன பிறகுதான் வருகிறார். இன்னொரு சிக்கல் இதைவிட நுட்பமானது. பல செடிப் பொருள்கள் பாராசிட்டமாலை நாப்கியாக மாற்றும் நொதியையே முடக்கிவிடுகின்றன. நஞ்சே பிறக்காதபோது கல்லீரல் கெடாமல் இருப்பதில் வியப்பில்லை. அதை ஆன்டிஆக்சிடன்ட் வலிமை என்று எழுதிவிடுகிறார்கள். சாற்றைக் கரைக்கப் பயன்படுத்தும் டைமெத்தில் சல்ஃபாக்சைடுக்கும் இதே குணம் உண்டு. ஆகவே சாறு எதுவும் சேர்க்காத வெறும் கரைப்பானே எலியைக் காப்பாற்றி, அந்தப் பெருமை செடிக்குப் போயிருக்கவும் கூடும். வெறும் கரைப்பான் கொடுத்த எலிக்கூட்டம் ஒன்று ஒப்பீட்டுக்கு வைக்கப்பட்டிருக்கிறதா என்பதை ஆய்வுக் கட்டுரையில் முதலில் தேடிப் பார்க்க வேண்டும். மேலும், பாராசிட்டமால் நஞ்சைப் பொறுத்தவரை சுண்டெலிதான் மனிதருக்கு நெருக்கமான மாதிரி. ஆய்வகப் பெரிய எலி அந்த மருந்தை எளிதில் தாங்கிக்கொள்ளும்.

எலி ஆய்வு பயனற்றது என்று நான் சொல்லவில்லை. எந்தச் செடியை அடுத்து மனிதரிடம் கவனமாகச் சோதிக்கலாம் என்று தேர்ந்தெடுக்க அது உதவும். நம்மிடம் முதல் படிக்கட்டில் நூற்றுக்கணக்கான செடிகள் காத்திருக்க, இரண்டாம் படிக்கட்டு ஏறக்குறைய காலியாகக் கிடக்கிறது என்பதே என் வருத்தம்.

கீழாநெல்லி கல்லீரலைக் காக்கும் என்று காலங்காலமாகச் சொல்கிறோமே?

வரப்போரத்தில் மழைக்குப் பின் தானாக முளைக்கும் செடி அது. இலைக்காம்பைத் திருப்பிப் பார்த்தால் அடியில் கடுகைப் போன்ற காய்கள் வரிசையாகத் தொங்கும். பெயர் வந்ததே அதனால்தான். வேரோடு பிடுங்கிக் கழுவி, அரைத்து, நெல்லிக்காய் அளவு எடுத்து மோரில் கலக்கி வெறும் வயிற்றில் கொடுப்பது மஞ்சள் காமாலைக்கு நம் வீடுகளில் வழக்கம்.

இந்தச் செடி உலக அறிவியலின் கவனத்துக்கு வந்ததில் சென்னைக்கு நேரடிப் பங்கு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.பி. தியாகராஜனும், ஹெபடைட்டிஸ் பி வைரஸ் கண்டுபிடிப்புக்காக நோபல் பரிசு பெற்ற பரூக் புளும்பெர்க்கும் இணைந்து செய்த ஆய்வு 1988-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. ஹெபடைட்டிஸ் பி கிருமியை உடலில் சுமந்தவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடி 30 நாள் கொடுக்கப்பட்டது. பொடி எடுத்த 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் வைரஸின் மேற்பரப்புப் புரதம் மறைந்தது. ஒப்பீட்டுக்காக, மருந்துப்பொருள் இல்லாத போலி மருந்து எடுத்த 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. பெரும் நம்பிக்கை தந்த முடிவு அது. ஆனால் பிறகு வேறு இடங்களில் நடந்த ஆய்வுகளில் அதே பலன் திரும்பக் கிடைக்கவில்லை. ஒரே கேள்வி பற்றிய ஆய்வுகளையெல்லாம் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2011 மீளாய்வும் உறுதியான சான்று இல்லை என்றே முடித்தது.

இவை வைரஸைப் பற்றிய ஆய்வுகள். மாத்திரையால் வரும் கல்லீரல் பாதிப்பைக் கீழாநெல்லி தடுக்கும் என்று மனிதரிடம் உறுதிப்படுத்திய பெரிய ஆய்வு கிடையாது. காமாலைக்குக் கீழாநெல்லி தரும் பலன் பற்றிய நம் அனுபவத்துக்கு இன்னொரு விளக்கமும் உண்டு. கெட்ட தண்ணீரால் வரும் ஹெபடைட்டிஸ் ஏ காமாலை, ஓய்வும் பத்தியமும் இருந்தால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். மருந்தால் வந்த காமாலை அப்படி அல்ல. அந்த மருந்தை நிறுத்தும்வரை ஏறிக்கொண்டே போகலாம். கீழாநெல்லியைக் கொடுத்துவிட்டுக் காரணமான மாத்திரையைத் தொடர்வதுதான் இங்கே உண்மையான ஆபத்து.

கடையில் வாங்குவது கீழாநெல்லிதானா என்பதும் ஒரு கேள்வி. தென்னிந்திய நாட்டுமருந்துக் கடைகளின் சரக்கை மரபணு முறையில் பரிசோதித்து 2010-இல் வெளியான ஆய்வு ஒன்றில், நாலில் மூன்று மாதிரிகள் சரியான செடியாக இருந்தன. மீதியில் அதே குடும்பத்தின் வேறு செடிகள் கலந்திருந்தன.

காசநோய் மாத்திரையோடு மஞ்சளும் சீந்திலும் சேர்த்துக் கொடுத்த ஆய்வு வெற்றி பெற்றது என்பது உண்மையா?

உண்மைதான், அது இந்தத் துறையின் சுவாரசியமான ஆய்வுகளில் ஒன்று. ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு ஆகிய மூன்று காசநோய் மருந்துகளும் கல்லீரலைத் தொடக்கூடியவை. குஜராத்தில் நடந்து 2008-இல் வெளியான ஆய்வில், இவற்றோடு, மஞ்சளின் முக்கியக் கூறான குர்குமினைச் செறிவூட்டிய மஞ்சள் 1 கிராம், சீந்தில் சாறு 1 கிராம் நாள்தோறும் ஒரு பிரிவினருக்குக் கொடுக்கப்பட்டன. மாத்திரை மட்டும் எடுத்த 192 பேரில் 27 பேருக்குக் கல்லீரல் பாதிப்பு வந்தது. மூலிகையும் சேர்த்து எடுத்த 316 பேரில் 2 பேருக்கு மட்டுமே வந்தது.

படிக்கும்போது மனம் மகிழ்கிறது. ஆனால் இவ்வளவு பெரிய வேறுபாடு கிடைத்தால், அதை வேறு குழுவினர் வேறு ஊர்களில், யாருக்கு எது கொடுக்கப்படுகிறது என்று நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாத முறையில், மறுபடி செய்து பார்த்திருக்க வேண்டும். காசநோய் இவ்வளவு பரவியுள்ள நாட்டில் இந்த ஒரு கேள்விக்குத் தெளிவான விடை கண்டால் எத்தனையோ பேர் சிகிச்சையை நடுவில் விடாமல் முடிப்பார்கள். அது வழக்கமான சிகிச்சைக்குள் வரும் அளவுக்கு இன்னும் உறுதிப்படவில்லை.

அதே சீந்திலும் மஞ்சளும் கல்லீரலைக் கெடுத்ததாகச் செய்தி வந்ததே?

அதுவும் உண்மை. கொரோனாக் காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று வீட்டுக்கு வீடு சீந்தில் கஷாயம் காய்ச்சிக் குடித்தார்கள். 2021-இல் மும்பை மருத்துவர்கள், சீந்தில் எடுத்தபின் கல்லீரல் அழற்சியோடு வந்த 6 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். சீந்திலைப் போலவே தோன்றும் அதன் உறவுக்கொடி ஒன்று தவறிக் கலந்திருக்கலாம் என்று ஆயுஷ் அமைச்சகம் மறுப்புத் தெரிவித்தது. மறு ஆண்டு, நாட்டின் பல மையங்களிலிருந்து 43 நோயாளிகளின் விவரம் தொகுக்கப்பட்டு வெளியானது. அவர்களில் பலருக்கு வந்தது, உடலின் எதிர்ப்பாற்றலே தன் கல்லீரலைத் தாக்கும் வகையான அழற்சி. எதிர்ப்பாற்றலைத் தூண்டும் செடி, ஏற்கெனவே அந்தத் தூண்டுதலுக்கு ஆயத்தமாக இருக்கும் உடலில், உதாரணமாகத் தைராய்டு தன்னெதிர்ப்பு நோய் உள்ளவரிடம், இப்படி நடந்துகொள்ளக்கூடும் என்பது ஏற்கத்தக்க விளக்கமே.

மஞ்சளின் கதையும் இதேபோன்றது. அமெரிக்காவில் மருந்தால் வரும் கல்லீரல் பாதிப்பைக் கண்காணிக்கும் ஆய்வு வலையமைப்பு, மஞ்சள் மாத்திரைகளால் பாதிக்கப்பட்ட 10 பேரைப் பதிவு செய்தது. 5 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள், ஒருவர் இறந்தார். பத்தில் ஏழு பேரிடம் எச்.எல்.ஏ.-பி 35:01 என்ற ஒரே மரபணு வகை இருந்தது. பசுந்தேயிலைச் சாற்று மாத்திரையால் கல்லீரல் கெட்டவர்களிடமும் இதே மரபணு வகை அதிகம் காணப்பட்டிருக்கிறது.

ஆகவே இந்தச் செடிகள் நஞ்சு என்று ஒதுக்க வேண்டியதில்லை. உடலில் வேலை செய்யும் எந்தப் பொருளையும் போல இவையும் அளவு, வடிவம், எடுத்துக்கொள்பவரின் உடல் ஆகியவற்றுக்கு ஏற்ப நன்மையும் செய்யும், தீமையும் செய்யும். அவற்றை மருந்து என்று சொன்னால் மருந்துக்குரிய கண்காணிப்பும் அவற்றுக்கு வேண்டும்.

குழம்பில் போடும் மஞ்சளையும் விட்டுவிட வேண்டுமா?

வேண்டியதில்லை. மஞ்சள்தூளில் குர்குமின் சில விழுக்காடு மட்டுமே. அதிலும் குடல் உறிஞ்சுவது மிகக் குறைவு. பாதிப்பு வந்தவர்கள் எடுத்தவை செறிவூட்டிய மாத்திரைகள். உறிஞ்சலைக் கூட்ட அவற்றில் பலவற்றில் மிளகின் பிப்பரினையும் சேர்க்கிறார்கள்.

மனிதரிடம் நிலைநின்ற தாவர மருந்து ஒன்றுகூட இல்லையா?

இருக்கிறது, ஆனால் எதற்கு என்பதில் கவனம் வேண்டும். ஐரோப்பாவில் வளரும் பால் முட்செடியின் விதையிலிருந்து சிலிமாரின் எடுக்கப்படுகிறது. நம் மருந்துக் கடைகளில் கல்லீரல் 'டானிக்' என்று விற்கும் பலவற்றில் இதுதான் இருக்கிறது. இதன் முக்கியக் கூறான சிலிபினினை ஐரோப்பாவில், கொடிய அமானிட்டா காளானைத் தின்றவர்களுக்கு நரம்பு வழியே கொடுக்கிறார்கள். காளான் நஞ்சு கல்லீரல் செல்லுக்குள் நுழையும் வாசலை அது அடைக்கிறது என்பதே இங்கு முதன்மையான விளக்கம். ஆன்டிஆக்சிடன்ட் குணம் அதற்கு அடுத்தபடிதான். நாள்பட்ட ஹெபடைட்டிஸ் சி உள்ள 154 பேரிடம் வழக்கத்தைவிட அதிக அளவில் சிலிமாரினைக் கொடுத்துச் சோதித்து 2012-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் போலி மருந்தைவிட எந்த மேன்மையும் தெரியவில்லை. இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் கல்லீரல் பாதிக்கப்பட்ட 50 குழந்தைகளிடம் நடந்து 2010-இல் வெளியான சிறிய ஆய்வில், எஸ்.ஜி.ஓ.டி. அளவு ஓரளவு இறங்கியது. காசநோய் மாத்திரைகளோடு கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன.

இதைவிட எனக்கு நம்பிக்கை தருவது நமக்கு நன்கு பழக்கமான அதிமதுரம். அதன் இனிப்புக்குக் காரணமான கிளைசிரைசினை ஜப்பானில் பல பத்தாண்டுகளாக நாள்பட்ட கல்லீரல் அழற்சிக்கு ஊசியாகக் கொடுத்துவருகிறார்கள். அதிலிருந்து வேதிமுறையில் உருவாக்கிய மெக்னீசியம் ஐசோகிளைசிரைசினேட் என்ற ஊசி மருந்தைச் சீனாவில், மருந்தால் வந்த தீவிரக் கல்லீரல் பாதிப்புக்கே சோதித்துப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஒரு செடியிலிருந்து கூறைப் பிரித்து, அளவை நிர்ணயித்து, நோயாளிகளிடம் ஒப்பிட்டுச் சோதிக்கும் பாதையை முழுமையாக நடந்து முடித்த உதாரணம் இது. அதற்காக வீட்டில் அதிமதுரத்தை நாள்தோறும் மெல்லத் தொடங்கக் கூடாது. நீண்ட நாள் எடுத்தால் உடலில் உப்பும் நீரும் தங்கி இரத்த அழுத்தம் கூடும், பொட்டாசியம் இறங்கும். நீர் மாத்திரையோ டிஜாக்சின் என்ற இதய மருந்தோ எடுப்பவருக்கு இது இதயத் துடிப்பையே தடுமாறச் செய்யும்.

சிறுநீரகத்தைக் காக்க மூக்கிரட்டை, நெருஞ்சில் கஷாயம் கொடுக்கலாமா?

சிஸ்பிளாட்டின், ஜென்டாமைசின் கொடுத்த எலிகளில் இத்தகைய செடிகளுக்குச் சாதகமான முடிவுகள் பல வந்துள்ளன. மனிதரிடம் அந்த அளவு சான்று இல்லை. சிஸ்பிளாட்டின் கொடுக்கும்போது சிறுநீரகத்தைக் காப்பது முதன்மையாக முன்னும் பின்னும் ஏற்றப்படும் உப்பு நீர்தான். எளிமையானது என்பதால் அதன் மதிப்பைக் குறைத்து எண்ண வேண்டாம்.

சிறுநீரக விஷயத்தில் நான் கூடுதல் எச்சரிக்கையாகப் பேசுவதற்குக் காரணம் உண்டு. பெல்ஜியத்தில் 1990-களின் தொடக்கத்தில் உடல் மெலிய மூலிகை மாத்திரை எடுத்த பல பெண்களுக்குச் சிறுநீரகம் அடியோடு பழுதானது. சிலருக்குப் பின்னால் சிறுநீர்ப்பாதையில் புற்றுநோயும் வந்தது. அரிஸ்டோலோக்கிக் அமிலம் கொண்ட சீனக் கொடி ஒன்றே காரணம் என்று கண்டறிந்தார்கள். நம் ஊரின் ஆடுதின்னாப்பாளையும் ஈசுரமூலியும் அதே பேரினத்தைச் சேர்ந்தவை. கேரளத்தில் கொழுப்பைக் கரைக்கும் என்று நம்பி இரும்பன்புளி, அதாவது பிலிம்பிக் காயின் சாற்றைக் குடித்த 10 பேருக்குத் திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்பு வந்ததை 2013-இல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். 7 பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. வைட்டமின் சி நிறைந்த காய்தான் அது, ஆனால் அதிலுள்ள ஆக்சாலிக் அமிலம் சிறுநீரக நுண்குழாய்களில் படிகமாக அடைத்துக்கொண்டது.

கீமோதெரபி நடக்கும்போது ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை எடுக்கலாமா?

புற்றுநோய் மருத்துவரின் அனுமதியின்றி எடுக்க வேண்டாம். சில கீமோ மருந்துகளும் கதிர்வீச்சும் புற்றுச் செல்லை அழிக்க ஃப்ரீ ராடிக்கல்களை ஓரளவு நம்பியிருக்கின்றன. நல்ல செல்லைக் காக்கும் பொருள் கெட்ட செல்லையும் காத்துவிடக்கூடும். இதைச் சமாளிக்க நேரத்தைப் பிரித்த நல்ல உதாரணம் ஒன்று இருக்கிறது. சிஸ்பிளாட்டின் குழந்தைகளின் கேட்கும் திறனைப் பறிக்கிறது. அதைத் தடுக்க 2022-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சோடியம் தயோசல்ஃபேட்டை, சிஸ்பிளாட்டின் ஏற்றி முடித்து 6 மணி நேரம் கழித்தே கொடுக்கிறார்கள். முன்பே கொடுத்தால் அது சிஸ்பிளாட்டினைப் பிடித்துச் செயலிழக்கச் செய்துவிடும். காலையில் வெறும் வயிற்றில் ஒரு கரண்டி சூரணம் என்ற கணக்கில் இந்த நுட்பத்துக்கு இடமில்லை. சமைத்த காய்கறி, கீரை, பழம் சாப்பிடுவது வேறு, அதைத் தொடரலாம்.

கஷாயம் குடிப்பதை மருத்துவரிடம் சொன்னால் திட்டுவார் என்று பயமாக இருக்கிறதே?

பலருக்கு இருக்கும் பயம்தான் இது. ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும். நாம் எடுக்கும் மாத்திரை உடலில் ஏறும் அளவை ஒரு மூலிகை எவ்வளவு மாற்றும் என்பதற்கு நம் நாட்டிலேயே நல்ல சான்று உண்டு. ஜம்முவில் உள்ள அரசு ஆய்வகம் ஒன்றின் ஆய்வின் அடிப்படையில், மிளகின் பிப்பரினை 10 மில்லிகிராம் சேர்த்து, வழக்கமாக 450 மில்லிகிராம் கொடுக்கும் ரிஃபாம்பிசினை 200 மில்லிகிராமாகக் குறைத்து ஒரு மாத்திரையே தயாரித்தார்கள். அளந்து செய்தால் அது அருமையான அறிவியல். முழு அளவு மாத்திரையோடு வீட்டில் மிளகு சேர்ந்த திரிகடுகச் செறிவுச் சாற்றை எடுத்தால் எந்த மருந்து எவ்வளவு ஏறும் என்று யாருக்கும் தெரியாது.

பையில் இருப்பதை அப்படியே எடுத்துப் போங்கள்: சூரண டப்பா, லேகிய புட்டி, நாட்டுமருந்துக் கடையில் கட்டிக்கொடுத்த பொட்டலம் எல்லாவற்றையும். எப்போது தொடங்கினீர்கள், எவ்வளவு, எத்தனை வேளை என்று ஒரு தாளில் எழுதிவையுங்கள். 'ஐயா, இதையும் எடுக்கிறேன், மாத்திரையோடு ஒத்துப்போகுமா?' என்று கேட்டால் பெரும்பாலான மருத்துவர்கள் பொறுமையாகவே பதில் சொல்வார்கள். சித்த மருத்துவரிடம் போகும்போது ஆங்கில மருந்துச் சீட்டையும் அதேபோல எடுத்துச் செல்லுங்கள். பட்டம் பெற்ற சித்த மருத்துவருக்கும் அந்த விவரம் தேவை.

எந்த அறிகுறி கண்டால் உடனே ஓட வேண்டும்?

பசி அடியோடு அற்றுப்போதல், சோற்றைப் பார்த்தாலே குமட்டல், வலது விலாவுக்குக் கீழ் கனம் அல்லது வலி, கண் வெள்ளை மஞ்சளாதல், உடம்பெல்லாம் அரிப்பு, மலம் வெளிறிப்போதல், காரணமில்லாத தூக்கக் கலக்கம், சிறுநீர் அளவு குறைதல், கால் வீக்கம் ஆகியவற்றில் எதுவும் அலட்சியப்படுத்தத் தக்கதல்ல. ரிஃபாம்பிசின் எடுப்பவரின் சிறுநீர் ஆரஞ்சு நிறமாவது இயல்பு, அது காமாலை அல்ல. கண் வெள்ளையைப் பகல் வெளிச்சத்தில் பார்த்தால் வேறுபாடு தெரியும். எஸ்.ஜி.பி.டி. இயல்பைவிட மூன்று மடங்குக்கு மேல் ஏறி, கூடவே காமாலையின் மஞ்சள் நிறமியான பிலிருபினும் இரண்டு மடங்கு தாண்டினால், மருந்தால் வந்த அத்தகைய பாதிப்பில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் உயிரிழக்கும் அல்லது மாற்றுக் கல்லீரல் தேவைப்படும் நிலைக்குப் போகிறார் என்பது மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கடைப்பிடிக்கும் கணக்கு.

அப்போது மூலிகையை உடனே நிறுத்துங்கள். காசநோய் மாத்திரையாக இருந்தால், அடுத்த வேளையைப் போடுவதற்கு முன்பே சிகிச்சை தரும் மையத்துக்குப் போய்ச் சொல்லுங்கள். அங்கே இரத்தம் பரிசோதித்து, தேவைப்பட்டால் எல்லாவற்றையும் நிறுத்தி, அளவுகள் இறங்கிய பின் ஒவ்வொன்றாகத் திரும்பத் தொடங்குவார்கள். வீட்டிலேயே நிறுத்திவிட்டு இருந்துவிட்டால் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறும். பாதிப்பு மாத்திரையால் வந்தாலும் மூலிகையால் வந்தாலும் அதைப் பதிவு செய்ய இந்திய மருந்தியல் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024 இருக்கிறது. நோயாளியோ வீட்டாரோ நேரடியாக அழைத்து, எடுத்த பொருளின் பெயரையும், புட்டியில் அச்சிட்டுள்ள தொகுதி எண்ணையும், எந்த நாளில் என்ன அறிகுறி தோன்றியது என்பதையும் சொல்லலாம். அதற்காகவாவது காலியான புட்டியைத் தூக்கி எறியாமல் வைத்திருங்கள்.